மாட்டுக்கொட்டில் வரை

போன மாதம், எனக்குப் பின் வேலைக்கு வந்த பிள்ளை ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை முடிந்த தொண்ணூற்றாறு வயது அம்மா ஒருவரை மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும். எங்கள் காலத்தில் பெரிய டொக்டர் ஒருவரின் பிடிவாதமாக இருந்தது இப்போது ஆஸ்பத்திரி விடுதிச் சுவரில் ஒழுங்காக எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதாம்.

"அக்கா, பிடிச்சு நிப்பாட்டேக்கை என்ர கைதான் நடுங்குது. உங்களுக்குப் பயம் வாறேல்லையோ?" என்று கேட்டாள்.

வந்தது, கடைசி நாள் வரைக்கும் வந்தது என்றேன். அப்படியென்றால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்த ஒருவரின் மகள். கொழும்பில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தசைகளின் பெயர்களை மனப்பாடம் செய்தேன், சிங்களம் கொஞ்சம் பழகினேன், சண்டைக்காலத்தில் கப்பலேறி ஊர் திரும்பினேன். நியமனக் கடிதத்தில் என் பதவிக்கு நீளமான பெயர் இருந்தது. விடுதியில் எல்லோருக்கும் நான் பிசியோ மிஸ். முறிந்த எலும்பைப் பொருத்துவது டொக்டரின் வேலை. பொருத்திய காலில் ஆளை நடக்க வைப்பது என் வேலை.

ஆனால் நான் சேர்ந்த புதிதில், வயது போனவர்களின் இடுப்பு எலும்பை யாரும் பொருத்தவில்லை. மயக்க மருந்து கொடுக்கப் பயம், இரத்தம் இல்லை, மின்சாரம் இல்லை. வயதானவர் விழுந்து இடுப்பு முறிந்து வந்தால் காலில் பிளாஸ்டர் ஒட்டி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த கப்பியின் மேலாக அதை எடுத்து நிறை தொங்கவிடுவோம். இரும்பு நிறைகள் போதாமல் செங்கல்லைச் சீலையில் சுற்றித் தராசில் நிறுத்துக் கட்டியிருக்கிறோம். காலில் கல் கட்டுவது என்றுதான் சனங்கள் சொல்வார்கள். ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், அப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். புரளக் கூடாது, எழும்பி இருக்கக் கூடாது. என் வேலை, கட்டிலருகே நின்று மூச்சை உள்ளே இழுக்கச் சொல்வதும் நல்ல காலை மடக்கி நீட்டச் சொல்வதும்தான்.

முதல் வருடம் புங்குடுதீவுக்காரியான ஒரு தாய் இப்படிக் கிடந்தார். எண்பத்தைந்து வயது இருக்கும். குடும்பமாக இடம்பெயர்ந்து பட்டணத்தில் உறவினர் வீடொன்றில் இருந்தவர்கள். அறுபதை நெருங்கிய மகன் ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்தில் நின்று மட்டையால் காற்று விசுக்குவார். "நடப்பாவோ பிள்ளை?" என்று அவர் கேட்டபோது, புத்தகத்தில் படித்ததை அப்படியே சொன்னேன்: ஆறு கிழமையில் நடப்பா.

மூன்றாம் கிழமை முதுகில் படுக்கைப் புண் வந்தது. நான்காம் கிழமை சளி கட்டியது. முப்பத்திரண்டாம் நாள் காலையில் நான் வேலைக்குப் போனபோது கட்டில் கழுவப்பட்டிருந்தது. கயிறும் கல்லும் அடுத்த நோயாளிக்காகத் தரையில் கிடந்தன. மகன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் அப்படிப் போனவர்கள் பலர். அவரை மட்டும் மறக்க முடியாமல் போனதற்குக் காரணம், என் வாயிலிருந்து வந்த அந்த ஆறு கிழமை.

பெரிய டொக்டர் வந்தது அதற்குப் பல வருடங்களுக்குப் பிறகு. எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சை நிபுணர். மெலிந்த மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வந்த முதல் கிழமையே கப்பிகளைக் கழற்றிக் களஞ்சியத்துக்கு அனுப்பினார். "விழுந்து இரண்டு நாளுக்குள்ள வெட்ட வேணும். வெட்டின மறுநாள் நிக்க வேணும். வயசைக் காட்டி என்னட்டத் தப்பேலாது," என்றார். மயக்க மருந்து டொக்டர்களோடு அவர் பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நோயாளிக்காகவும் மாடிக்கும் கீழுக்குமாக அவரே நடப்பார்.

நோயாளியைப் பார்க்கும் முறை அவருக்கு ஒன்று இருந்தது. நின்றுகொண்டு கதைக்கமாட்டார். கட்டிலடியில் உள்ள ஸ்டூலை இழுத்துப்போட்டு, முகம் நோயாளியின் முகத்துக்கு நேராக வரும்படி இருப்பார். எந்தக் காது கேட்கும் என்று முதலில் விசாரிப்பார். பிறகு பிள்ளைகளிடம் அல்லாமல் நோயாளியிடமே கேட்பார்: "போன கிழமை எதுவரைக்கும் நடந்தனீங்கள்? என்னத்துக்கு?" வருகிற பதிலை அட்டையின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் தமிழில் எழுதுவார். 'கோயில் வரை.' 'குசினி வரை, சோறாக்க.' 'வேலிப் படலை வரை, கடிதம் எடுக்க.' அதுதான் எனக்குத் தரப்பட்ட கணக்கு. அந்த நோயாளியை அந்த இடம்வரை திரும்பக் கொண்டுபோய் விடும்வரை என் வேலை முடியவில்லை.

யாரையாவது நான் எழுப்பவில்லை என்றால் "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் நிற்பார். நேரம் கிடைக்கவில்லை என்றால் முகம் திரும்பிவிடும். "பயமா இருந்தது சேர்," என்று ஒருநாள் உண்மையைச் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் இந்தப் பக்கம் பிடிக்கிறன், நீர் அந்தப் பக்கம் பிடியும்," என்றார்.

எழுப்புகிற முறை அவரோடு சேர்ந்து உருவானது. வலி மருந்து கொடுத்து முக்கால் மணித்தியாலம் பொறுக்க வேண்டும். தலைமாட்டை மெல்ல உயர்த்தி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, தலைசுற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பில் அகலமான பட்டியைக் கட்ட வேண்டும். பிடிப்பது அந்தப் பட்டியைத்தான். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு கையாலும் கட்டிலை ஊன்றி அவர் தானாக எழும்ப வேண்டும். எழும்பியதும் கை வோக்கருக்கு மாறும். நாலு காலுள்ள அந்த அலுமினியச் சட்டம் முதலில் போகும், பிறகு சத்திரசிகிச்சை செய்த கால், பிறகு நல்ல கால். நான் என் கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்பேன். வள்ளத்தில் அப்பா நிற்பது அப்படித்தான்.

இனி கனகசபை ஐயாவின் கதைக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தபோது அவர் வந்தார். புங்குடுதீவு மடத்துவெளி. தொண்ணூற்றிரண்டு வயது. வீட்டு வளவுக்குள் ஆடு புகுந்துவிட்டதென்று அவசரமாகத் திரும்பியவர் விழுந்துவிட்டார். கூட வந்தவர் மகள் பரமேஸ்வரி. அவருக்கே அறுபத்தாறு வயது, முழங்கால் வருத்தக்காரி. கணவர் இறந்தபின் தகப்பனோடு தனியாக இருப்பவர். ஒரு தமையன் கனடாவில்.

நான் கட்டிலருகே போனதும் ஐயா கண்ணாடிக்குள்ளால் என்னைக் கனநேரம் பார்த்தார்.

"காலில கல்லுக் கட்டப் போறியளோ?"

"இல்லை ஐயா. இப்ப அப்பிடிச் செய்யிறேல்லை."

"என்ர அம்மாவுக்குக் கட்டேக்கை பக்கத்தில நிண்ட பிள்ளை நீர்தானே? ஆறு கிழமையில நடப்பா எண்டு சொன்னனீர்."

முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மட்டையால் விசுக்கிய அந்த மனிதரின் முகத்தை இந்த முகத்துக்குள் தேட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. கண் அதே கண்.

"முப்பத்திரண்டு நாள்," என்றார் அவர். "நான் எண்ணினனான்."

பரமேஸ்வரி குறுக்கே வந்தார். "அப்பா, விடுங்கோ. மிஸ், எங்களுக்கு வெட்டுக்கொத்து வேண்டாம். கனடாவில இருந்து அண்ணையும் சொல்லுறார், இந்த வயசில ஏன் வதைக்கிறியள் எண்டு. நாங்கள் வீட்ட கொண்டு போறம். படுக்கையில வைச்சுப் பார்ப்பன்."

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. அது நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாரும் நிரூபிக்கப் போவதில்லை. அல்லது அந்தக் காலத்தின் வசதியீனங்களை எல்லாம் அடுக்கியிருக்கலாம். இரண்டையும் விட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு இருந்தேன்.

"ஓம் ஐயா, நான்தான். நான் சொன்னது பிழை. அப்ப எனக்குத் தெரியாது. உங்கட அம்மாவைக் கொன்றது முறிவு இல்லை. அசையாமல் கிடத்தினதுதான். அதைச் செய்தது நாங்கள்."

மகள் என்னை வெறித்துப் பார்த்தார். ஐயா கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"இப்ப தெரியுமோ?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"படுத்தால் என்ன நடக்கும் எண்டு தெரியும். எழும்பினால் நடப்பீங்களோ எண்டு இண்டைக்குச் சொல்லேலாது. இந்த முறை நாள் கணக்குச் சொல்லமாட்டன்."

பின்னேரம் பெரிய டொக்டர் வந்து அதே ஸ்டூலில் இருந்தார். சத்திரசிகிச்சையில் உயிர் போகலாம், முடிந்த பிறகும் போகலாம் என்பதை ஒளிக்காமல் சொன்னார். முறிந்த எலும்பின் உருண்டைத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பதைத் தன் கைமுட்டியை மற்ற உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பிறகு வழமையான கேள்வி.

"மாட்டுக்கொட்டில் வரைக்கும்," என்றார் ஐயா. "காலமையும் பின்னேரமும். மாடு மாத்திக் கட்ட."

டொக்டர் சிவப்புப் பேனையால் எழுதினார்.

"வெட்டிச் செத்தாலும், கல்லுக் கட்டாமல் சாவன்தானே?"

"ஓம். கல்லுக் கட்டமாட்டம்."

"அப்ப வெட்டுங்கோ."

கனடாவிலிருந்து தமையன் மறுபடியும் அழைத்தார். பரமேஸ்வரி தொலைபேசியை டொக்டரிடம் நீட்டினார். டொக்டர் வாங்கவில்லை. "அப்பாவுக்கு எல்லாம் விளங்குது. அவரோட கதைக்கச் சொல்லுங்கோ," என்றார். ஐயா மகனோடு என்ன கதைத்தாரோ தெரியாது. சம்மதப் படிவத்தில் தன் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதி ஒப்பமிட்டார்.

சத்திரசிகிச்சை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கப்பண்ணித்தான் செய்தார்கள். பயந்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதற்குப் பிறகு.

மறுநாள் நான் போனபோது அவருடைய இரண்டு கைகளும் கட்டில் சட்டத்தோடு துணியால் கட்டப்பட்டிருந்தன. சேலைனைப் பிடுங்கிவிட்டார், கட்டிலால் இறங்கப் பார்த்தார் என்றார்கள். நாற்பது நோயாளிகளை இரண்டு தாதிகள் பார்க்கிற இடத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததென்று மகளையும் வெளியே அனுப்பியிருந்தார்கள். காலையில் திரும்பி வந்த பரமேஸ்வரி கட்டிய கைகளைப் பார்த்துக்கொண்டு கட்டிலடியில் நின்றார்.

"கல்லுக் கட்டேல்லை, கையைக் கட்டியிருக்கிறியள்," என்றார் என்னிடம். "வீட்ட போகத் துண்டு வெட்டித் தாங்கோ. கொண்டு போறன்."

ஐயாவுக்கு மகளைத் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "மாட்டை அவிட்டுக்கொண்டு போறாள், பிடி," என்று கத்தினார்.

பரமேஸ்வரியிடம் ஒரு மணித்தியாலம் கேட்டேன். தந்தார், மனமில்லாமல்தான் தந்தார். முதலில் கைகளை அவிழ்த்தேன். கண்ணாடி எங்கே என்று கேட்டால், உடைந்துவிடும் என்று மகளின் பைக்குள் இருந்தது. எடுத்து அவருக்கு மாட்டினேன். கேட்கிற காது தலையணைக்குள் அமிழ்ந்து கிடந்தது. தலையைத் திருப்பி வைத்தேன். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல்லுப்போல இருந்தது. சலம் அடைத்திருந்தது. தாதி குழாய் போட்டதும் போத்தல் நிரம்பியது. கண் தெரியாமல், காது கேளாமல், சலம் அடைத்து, கையும் கட்டப்பட்டுக் கிடந்தால் எந்த வயதுக்காரருக்கும் புத்தி மாறாட்டம் வரும்.

அரை மணித்தியாலத்தில் கத்தல் அடங்கியது. ஆனால் மனம் இன்னும் வளவுக்குள்தான் நின்றது. அந்த நிலையில் அவரை எழுப்புவதா விடுவதா? எனக்குப் பயமாக இருந்தது. இந்த மாறாட்டத்தைச் சொல்லி ஒரு நாள் பொறுத்தால் பெரிய டொக்டரும் ஏன் என்று கேட்கமாட்டார். ஆனால் அந்த ஒரு நாள் இரண்டாகும், மூன்றாகும், சளி கட்டும். அது எப்படிப் போகும் என்பதை அவருடைய தாயின் கட்டிலில் நான் பார்த்திருந்தேன். வலி மருந்து கொடுத்து நேரம் பார்த்தேன். பட்டியைக் கட்டினேன். ஐயாவின் நல்ல காதுக்குள் கேட்டேன்:

"மாட்டை எங்க கட்டினனீங்கள்?"

"அந்தா, அங்கால."

"எழும்பிக் காட்டுங்கோ."

அவர் கட்டிலை ஊன்றினார். நானும் ஒரு தாதியும் பட்டியைப் பிடித்திருந்தோம். முழங்கால் நடுங்கியது, முகம் வலியில் சுருங்கியது. நின்றார். மெல்லப் பத்து எண்ணும் நேரம் நின்றார். யன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். பிறகு திரும்பி, அங்கே நின்ற பரமேஸ்வரியைக் கண்டார்.

"நீ சாப்பிட்டனியோ?" என்றார்.

அதற்குப் பிறகு பரமேஸ்வரி துண்டு கேட்கவில்லை. அன்றிலிருந்து மகளை இராப்பகலாகக் கூட வைத்திருக்க டொக்டர் அனுமதி எழுதினார். ஒன்பதாம் நாள் ஐயா விடுதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வோக்கரோடு நடந்து போய் வந்தார். வீட்டுக்கு அனுப்பினோம். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

மூன்று கிழமையில் கிளினிக்குக்கு வர வேண்டும். வரவில்லை. தொலைபேசி எடுத்தால், "சுகமாயிருக்கிறார் மிஸ்," என்று பரமேஸ்வரி சுருக்கமாக முடித்துவிட்டார். சுகமாக இருக்கிறவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நான் கலியாணம் செய்து இருப்பது வேலணையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புங்குடுதீவு பஸ்ஸில் ஏறினேன்.

வோக்கர் அலுமாரிக்கு மேலே இருந்தது. ஐயா கட்டிலில் கிடந்தார். பரமேஸ்வரி கரண்டியால் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தார். காலை நீட்டச் சொன்னேன். நீட்ட முடியவில்லை. தொடை பாதியாக வற்றியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. "உங்களுக்குச் சொல்லித்தந்தனான்தானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். அலுமாரியிலிருந்து வோக்கரை இறக்கி, முற்றத்துக்குக் கொண்டுபோய் என் முன்னால் வைத்து ஊன்றினார். நாலு காலும் மணலுக்குள் இறங்கின. இழுத்தார், ஒரு கால் புதைந்து சட்டம் சரிந்தது.

"உங்கட ஆஸ்பத்திரி நிலம் கண்ணாடி மாதிரி. இஞ்ச பாருங்கோ. கக்கூசு அந்தா, அங்க. முதல் நாள் கொண்டு போனனான். அரைவாசியில அப்பா சரிஞ்சார். இரண்டு பேருமா மணலுக்க இருந்தனாங்கள். என்னால தூக்கேலாது, அவரால எழும்பேலாது. றோட்டால போன ஆரோ வந்து தூக்கிவிட்டது. அதுக்குப் பிறகு நான் எழுப்பேல்லை. இன்னொருக்கா முறிஞ்சால் ஆர் மிஸ் வாறது? நீங்களோ?"

தீவில் பிறந்து வளர்ந்தவள் நான். முப்பத்துச் சொச்ச வருடம் தீவுச் சனங்களுக்கு வோக்கர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் வளவு மணலா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. எத்தனை வோக்கர் எத்தனை அலுமாரிக்கு மேல் ஏறியிருக்கும் என்று நினைத்தபோது என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"நான் வாறன்," என்றேன். "ஒவ்வொரு ஞாயிறும் வாறன். ஆனால் முதல்ல இந்த மணலுக்கு ஒரு வழி பார்க்க வேணும்."

வாசலிலிருந்து கழிப்பறைவரை அளந்து பார்த்தேன். ஐயாவின் நடைக்கு இருபது அடிவைப்பு வரும். பலகை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். பரமேஸ்வரி கொஞ்சம் யோசித்தார். அதே வளவுக்குள் தமையனின் வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டின் திறப்பு இவரிடம்.

"அண்ணையின்ர அறைக் கதவுகள் இருக்குது. நல்ல வேம்பு."

"அவரிட்டக் கேட்க வேண்டாமோ?"

"கேட்டால் ஒரு மாதம் யோசிப்பார். அப்பாட்ட ஒரு மாதம் இல்லை."

பக்கத்து வளவில் இருந்த மேசன் வந்து கதவுப் பிணைச்சலைக் கழற்றினார். நாலு கதவுகளை வாசலிலிருந்து வரிசையாக மணலில் படுக்கப்போட்டோம். நான் மேலே ஏறித் துள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.

அதன் பிறகு கடினமான வேலை, ஐயாவை நடக்கவைப்பது அல்ல, பரமேஸ்வரியின் பயத்தைக் குறைப்பதுதான். விழுந்தால் தூக்க முடியாது என்பதுதான் அவர் பயம். அதனால் முதல் பாடமாக விழுந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பழக்கினேன். நானே நிலத்தில் விழுந்து கிடந்தேன். "தூக்க வேண்டாம். கதிரையைக் கொண்டுவாங்கோ. நல்ல பக்கம் புரளட்டும், கையை ஊன்றட்டும், கதிரையில நெஞ்சை வைக்கட்டும், நல்ல காலை மடிக்கட்டும். அவர் எழும்புவார், நீங்கள் கதிரையைத்தான் பிடிக்க வேணும்." பிறகு அவரையும் விழுந்து எழும்பச் சொன்னேன். அந்த முழங்காலோடு மூன்று முறை செய்தார். மூன்றாம் முறை சிரித்துவிட்டார். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த ஐயா, "இரண்டு பேருக்கும் விசர்," என்றார்.

முதல் ஞாயிறு கட்டிலிலிருந்து கதிரைவரை. இரண்டாம் ஞாயிறு வாசல்வரை. மூன்றாம் ஞாயிறு முதலாவது கதவின் முடிவில் நின்று, "ஏலாது," என்றார். திருப்பிக் கொண்டுபோய் இருத்தினோம். அடுத்த கிழமை நான் போனபோது பரமேஸ்வரி படலையிலேயே நின்றார். "நாலு கதவும் முடிச்சாச்சு, மிஸ். நேற்று தானாப் போய் வந்தவர்," என்றார். சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் மாதம், கதவுகளைக் கொட்டில் பக்கம் மாற்றிப் போட்டபோது, ஐயா மாட்டுக்கொட்டிலுக்குப் போனார். மாடு மாற்றிக் கட்ட அவரால் முடியவில்லை. கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, எங்கே கட்ட வேண்டும் என்று மகளுக்குச் சொன்னார். அன்று பின்னேரம் டொக்டருக்குத் தொலைபேசி எடுத்து, "கொட்டில் முடிஞ்சுது சேர்," என்றேன். "நல்லது. அடுத்த ஆள் ஆர்?" என்றார் அவர்.

எல்லோருக்கும் இப்படி நடக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்து பொய்யாகிவிடும். அதே வருடம் நயினாதீவு அம்மா ஒருவரை மறுநாள் எழுப்பி நிறுத்தினேன், நன்றாக நின்றார், அடுத்த நாள் மாரடைப்பில் போய்விட்டார். நெடுந்தீவுக்காரர் ஒருவர் கடைசிவரை சக்கர நாற்காலிதான். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து, நான் பிழை செய்தேனா என்று யோசித்திருக்கிறேன். மறுநாள் போய் அடுத்தவருக்குப் பட்டி கட்டியிருக்கிறேன். தங்கச்சி, நீ கேட்டதற்கு என்னிடம் உள்ள பதில் அவ்வளவுதான்.

கதவுகள் மழைக்கு வழுக்கின. அதற்குள் தமையனும் விசயம் அறிந்து, கொஞ்ச நாள் கோபித்து, பிறகு தானே மேசனுக்குச் சொல்லிச் சீமெந்து நடைபாதை போடுவித்தார். வாசலிலிருந்து கழிப்பறைக்கு ஒன்று, கொட்டிலுக்கு ஒன்று, படலைக்கு ஒன்று. மேசன் கதவின் அகலத்துக்கே அச்சடித்துப் போட்டிருந்தார். ஒரு வோக்கர் போக அது போதும்.

நான் ஓய்வுபெற இரண்டு கிழமை இருந்தபோது பரமேஸ்வரி வந்தார். நோயாளியாக. பஸ் புறப்பட்டுவிட, மிதிபலகையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. வெளிநோயாளர் பிரிவிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டு வரும்போதே என்னைக் கண்டுவிட்டார்.

"மிஸ், ஒப்பரேசன் நாளைக்கே செய்வினமோ? அப்பா தனிய."

"சாப்பாடு?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை குடுக்கும். ஆனால் கனநாள் நிக்கேலாது. நாளையிண்டைக்கு எழுப்பிப்போடுங்கோ."

எழுப்பினோம். வலி அவருக்கும் அதே வலிதான். கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனால் பக்கத்தில் நின்ற புதுப் பிள்ளை கையைப் பிடித்து இழுக்கப் போனபோது, "கையை இழுக்கக் கூடாது, பட்டியைப் பிடியும்," என்று அவர்தான் திருத்தினார். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகத் துண்டு வாங்கிவிட்டார். வாடகை வான் வேலணையைத் தாண்டித்தான் போகும் என்பதால் நானும் ஏறினேன். ஆனால் வேலணையில் இறங்கவில்லை.

வான் அவர்கள் வீட்டு ஒழுங்கையில் நின்றது. படலைக்கு உள்ளே, சீமெந்துப் பாதையின் முனையில், கனகசபை ஐயா வோக்கரோடு நின்றார். தொண்ணூற்று நாலு வயது. வேட்டியைத் துப்புரவாக உடுத்திருந்தார். பரமேஸ்வரி தன் புது வோக்கரை ஊன்றி இறங்கிப் படலைக்குள் வந்தார். இருவருடைய வோக்கரும் நேருக்கு நேர் முட்டின.

பாதையின் அகலம் ஒருவருக்குத்தான். ஐயா திரும்புவதற்கு இடமில்லை. விலகினால் மணல். நான் ஓடிப்போய்ப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

"விடுங்கோ, மிஸ்," என்றார் பரமேஸ்வரி. தகப்பனைப் பார்த்து, "அப்பா, பின்னுக்குப் போங்கோ," என்றார்.

ஐயா ஒரு காலைப் பின்னால் வைத்தார். மற்றக் காலை அதனருகே கொண்டுபோனார். பிறகு சட்டத்தைத் தூக்கித் தன் பக்கம் வைத்தார். பின்பக்கமாக நடக்க நாங்கள் அவருக்கு ஒருபோதும் பழக்கவில்லை. அவர் ஒரு அடி பின்னால் வைக்க, மகள் ஒரு அடி முன்னால் வைத்தார். அப்படியே படலையிலிருந்து வாசலை நோக்கிப் போனார்கள்.

"கெதியா வா," என்றார் ஐயா, பாதி வழியில். "தேத்தண்ணி ஆறப்போகுது."

நான் மணலில் இறங்கி அவர்களோடு நடந்தேன். என் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இருவரையும் பிடிக்காமல் நடந்தேன்.